பழைய எம்ஜிபி எஞ்சினை வீட்டிலேயே பிரித்துச் சேர்ப்பது: முதல்முறை இறங்குபவருக்கு

எஞ்சின் வேலை என்றதும் ஸ்பானரும் கிரீஸ் படிந்த கையும்தான் நினைவுக்கு வரும். முழுதாக ஒரு எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவரைக் கேட்டுப் பாருங்கள். துடைப்பதிலும் அளப்பதிலும் எழுதி வைப்பதிலும்தான் பாதிக்கு மேல் நேரம் போனது என்பார். நட்டு முடுக்கும் வேலை கடைசியில் சில நாட்களில் முடிந்துவிடும். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பொறுமை தானாக வரும்.

எடுத்துக்காட்டாக எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை வைத்தே சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. எஞ்சின் 1798 சிசி, நான்கு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருந்து புஷ் ராடு வழியாக வால்வுகளைத் திறக்கும். உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முதல்முறை கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான எஞ்சின் எனக்குத் தெரிந்து இல்லை. உங்களிடம் இருப்பது வேறு காராக இருந்தாலும் வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான். எண்கள் மட்டும் மாறும்.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் எஞ்சின் எண்ணைப் பார்த்து அதற்குரிய வொர்க்‌ஷாப் மேனுவலை வாங்குவது. ஒரே எம்ஜிபியில்கூட ஆரம்பகால எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டுக்கு (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மூன்று மெயின் பேரிங் (அதைப் பிளாக்கில் தாங்குபவை), 1964-க்குப் பின் ஐந்து. கனெக்டிங் ராடு போல்ட்டின் வகையும் இடையில் மாறியது. வகை மாறினால் முடுக்கும் அளவும் மாறும். நண்பர் சொன்னார், எங்கோ படித்தேன் என்று இந்த எண்களை எடுக்காதீர்கள்.

பிரிப்பதற்கு முன் எஞ்சின் சொல்வதைக் கேளுங்கள்

ஓடும் நிலையில் இருந்தால் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கம்ப்ரஷன் அளந்து எழுதுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் தேய்ந்தது ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் வால்வு, இல்லையேல் ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஆயில் பிரஷரையும் பாருங்கள். இந்த எஞ்சினில் சூடான நிலையில் ஓட்டும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 10 முதல் 25 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னே நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பது) தேய்ந்துவிட்டது. இந்தக் குறிப்புகள் எல்லாம் பின்னால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

வெளியே எடுப்பது

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தண்ணீர், ஆயில் இரண்டையும் வடியுங்கள். பானட், ரேடியேட்டர், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் இணைப்பு, வயர்கள், பெட்ரோல் குழாய், கியர்பாக்ஸுக்குப் போகும் இணைப்புகள் எல்லாம் வரிசையாக வரும். இந்தக் காரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்குவது எனக்குப் பிடித்த வழி. திரும்ப வைக்கும்போது கிளட்ச் பிளேட்டைக் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு நேராக்கும் தொல்லை மிச்சம்.

தூக்க எஞ்சின் ஹாய்ஸ்ட் வேண்டும், பிரித்து வேலை செய்ய எஞ்சின் ஸ்டாண்ட் வேண்டும். இரண்டையும் வாடகைக்கோ கடனுக்கோ எடுக்கலாம், ஆனால் தாங்கும் எடையைப் பார்த்து எடுங்கள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகவே கூடாது. காருக்குக் கீழே போகும்போது ஜாக்கை நம்பாமல் ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பழைய கிளட்ச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் பெயர் எழுதிய பைக்குள் போகட்டும். கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். மூன்று மாதம் கழித்து ஒரு பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வரும் என்று நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

பிரிப்பது

ஹெட்டில்தான் முதல் கவனம். ராக்கர் ஷாஃப்டைப் (வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் கோத்த தண்டு) பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகளிலேயே இருக்கின்றன. அதனால் ராக்கரை மட்டும் தனியாகக் கழற்றலாம் என்று நினைக்காதீர்கள். எல்லா ஹெட் நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, வரிசைப்படி தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஹெட் வளையும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்ப வேண்டாம். அந்தக் கீறல் அடுத்த கேஸ்கெட்டைத் தின்றுவிடும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டி விடுவியுங்கள்.

புஷ் ராடுகளை 1 முதல் 8 வரை துளையிட்ட அட்டையில் வரிசையாகச் செருகி வையுங்கள். பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் டாப்பெட்டுகள் (கேமுக்கும் புஷ் ராடுக்கும் இடையே இருப்பவை) வெளியே வரும். அவற்றின் அடிமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குழியோ உரிந்த தடமோ இருந்தால் கேம் ஷாஃப்டும் போயிருக்கும். புதுக் கேமுக்குப் பழைய டாப்பெட்டைப் போடவே கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பிஸ்டனை மேலே தள்ளும் முன் சிலிண்டர் வாயை விரலால் தடவிப் பாருங்கள். ரிங் எட்டாத இடத்தில் ஒரு வரம்பு நின்றிருக்கும். அதை ரிட்ஜ் ரீமரால் எடுக்காமல் தள்ளினால் பிஸ்டன் உடையலாம். ராடுக்கும் அதன் கேப்புக்கும் (கிராங்கைச் சுற்றிப் பிடிக்கும் கீழ்ப்பாதி மூடி) ஒரே எண்ணை, ஒரே பக்கத்தில் பஞ்ச் செய்யுங்கள். மெயின் கேப்புகளுக்கும் அப்படியே. ஒன்றின் கேப்பை இன்னொன்றில் மாற்றினால் வட்டம் வட்டமாக இருக்காது.

கழற்றிய பேரிங்குகளைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத்தில் இடத்தை எழுதி வரிசையாக வையுங்கள். செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. நீளக் கீறல் என்றால் ஆயிலில் அழுக்கு போயிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம்.

அளப்பது

லேத் பட்டறைக்காரர்கள் பேசும் ‘தௌ’ என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.025 மி.மீ. இந்த எஞ்சினின் வாழ்வும் சாவும் இரண்டு மூன்று தௌவுக்குள் இருக்கிறது.

சிலிண்டரின் மூல விட்டம் 80.26 மி.மீ. போர் கேஜால் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும் குறுக்காகவும் அளந்து எழுதுங்கள். எரியும் அழுத்தம் பிஸ்டனைக் குறுக்காகத்தான் சுவரில் தள்ளும். அதனால் தேய்மானம் அந்தத் திசையில், மேல்பகுதியில்தான் அதிகம். தேய்மானம் மேனுவலின் எல்லையைத் தாண்டினால் ஹோனிங் (சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்குவது) மட்டும் போதாது, போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். 20, 40, 60 தௌ ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. 60 போட்டால் கொள்ளளவு சுமார் 1868 சிசி ஆகும். கொள்ளளவு கூடுகிறதே என்று ஆசைப்பட்டுத் தேவைக்கு மேல் போர் அடிக்காதீர்கள். சுவர் மெலிந்தால் அடுத்த முறைக்கு இடம் இருக்காது.

கிராங்கின் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) மைக்ரோமீட்டரால் நான்கு இடங்களில் அளக்க வேண்டும். விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டினால் நகம் சிக்கும் கீறல் இருக்கிறதா என்றும் தெரியும். சிக்கினால் கிரைண்டிங் செய்து, அதே அளவு அண்டர்சைஸ் பேரிங் வாங்க வேண்டும். முன்பே யாரோ கிரைண்டிங் செய்திருக்கலாம். பழைய பேரிங்கின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டறைக்கு அனுப்ப வேண்டியவை

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட முடியாது, செய்யவும் கூடாது. போரிங், கிராங்க் கிரைண்டிங், கேம் பேரிங் மாற்றுவது, ஹெட் ஃபேசிங், விரிசல் சோதனை, ராடு நேர்மை, பேலன்ஸிங் ஆகியவை பட்டறை வேலை. பிஸ்டன் பின் ராடில் அழுத்திப் பொருத்தும் வகையாக இருந்தால் அதுவும் அங்கேதான். புதுப் பிஸ்டன்களைக் கையில் வாங்கிய பிறகு பிளாக்கோடு சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்பத்தான் சிலிண்டரை முடிப்பார்கள்.

ஹெட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தவை. அந்த ஈயம் எரிந்து வால்வும் சீட்டும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாக நின்று பாதுகாத்தது. சீட்டுகள் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டவை. ஈயமில்லாத பெட்ரோலில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டைத் தானே அரித்து உள்ளே இறங்கும். டாப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சந்து) குறைந்துகொண்டே போவதுதான் அதற்கு அடையாளம். ஹெட் எப்படியும் பட்டறையில் இருக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் நான்கிலும் கடினமான சீட் வளையங்களைப் பதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் விரிசல் சோதனை முடிந்திருக்க வேண்டும். இந்த ஹெட்டில் 2-ம் 3-ம் சிலிண்டர்கள் எக்ஸாஸ்டுக்கு ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே வெப்பம் அதிகம், சீட்டுகளைச் சுற்றி விரிசல் வர வாய்ப்பும் அதிகம்.

சுத்தம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நான் முதலில் சேர்த்த எஞ்சினின் பிளாக் பட்டறையிலிருந்து பளபளவென்று வந்தது. நம்பி, ஏர் அடித்து, அப்படியே சேர்த்துவிட்டேன். அருமையாக ஓடியது. 600 கிலோமீட்டர் தாண்டியதும் சூடான நேரத்தில் ஆயில் பிரஷர் இறங்கத் தொடங்கியது. திறந்தால் பிக் எண்ட் பேரிங் (ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) அத்தனையிலும் நீளக் கீறல். போர் அடித்த இரும்புத் துகள் ஆயில் கேலரியின் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) மூலையில், நான் கழற்றாமல் விட்ட ஒரு அடைப்புக்குப் பின்னால் தங்கியிருந்து, ஆயிலோடு கிளம்பி வந்திருக்கிறது. மறுபடி கிராங்க் கிரைண்டிங், மறுபடி பேரிங், மறுபடி கேஸ்கெட். பட்டறை எவ்வளவு நன்றாகக் கழுவி அனுப்பினாலும் கடைசிச் சுத்தம் சேர்ப்பவருடைய வேலைதான் என்று அன்று புரிந்தது.

ஆகவே கேலரியின் முனை அடைப்புகள் எல்லாவற்றையும் எடுங்கள். துப்பாக்கிக் குழல் துடைக்கும் நீண்ட பிரஷ் போன்ற ஒன்றை ஒவ்வொரு துளையிலும் விட்டுத் தேயுங்கள். கிராங்குக்குள்ளும் ஆயில் துளைகள் உண்டு, அவற்றையும் விடக்கூடாது. சிலிண்டர் சுவரைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்தால் ஹோனிங் தூள் கீறல்களுக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, பிரஷால் நுரை வரத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை இதுதான் வேலை. காய்ந்த உடனே ஆயில் பூசிவிடுங்கள், வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். எடுத்த அடைப்புகளைப் புதிதாக, கசியாமல் போட மறக்காதீர்கள். அதன் பிறகு வேலை செய்யாத நேரமெல்லாம் எஞ்சின் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும்.

சேர்ப்பது

பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் உலர்ந்திருக்க வேண்டும், ஆயில் கூடாது. கிராங்கை வைத்து, ஒவ்வொரு ஜர்னலின் மேலும் பிளாஸ்டிகேஜ் இழை ஒரு துண்டு வைத்து, கேப்பைப் போட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கு முடுக்கிக் கழற்றுங்கள். மெயினுக்கு 70 அடி-பவுண்டு, அதாவது சுமார் 95 நியூட்டன் மீட்டர். இழை எவ்வளவு நசுங்கி அகலமானதோ அதை அதன் அட்டையோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். மெயினில் 1 தௌவிலிருந்து 2.7 தௌ வரை இருக்கலாம். இழை உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுழற்றக் கூடாது. அளந்த பின் இழையைத் துடைத்தெடுத்து, அசெம்பிளி லூப் (சேர்க்கும்போது பூசும் மசகு) தாராளமாகப் பூசிச் சேருங்கள்.

த்ரஸ்ட் வாஷர் நடு மெயினில் வரும். ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். கிராங்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜால் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். ஒவ்வொரு கேப்பை முடுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்ற வேண்டும். மூன்றாவது கேப்பில் இறுகினால் கோளாறு மூன்றாவதில். எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுப் பார்த்தால் எது என்று தேடிக் களைத்துவிடுவீர்கள்.

பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இந்த விட்டத்துக்கு, மேலே உள்ள ரிங்கில் குறைந்தது 12 தௌவாவது வேண்டும். குறைவாக இருந்தால் மென்மையான அரத்தால் தேய்க்கலாம். இடைவெளி போதாமல் சூட்டில் முனைகள் முட்டினால் ரிங் உடைந்து சுவரைக் கிழித்துவிடும். ரிங்குகளின் வாய்கள் ஒரே கோட்டில் வராதபடி சுற்றி வைத்து, பிஸ்டனின் முன்பக்க அடையாளம் எஞ்சினின் முன்பக்கம் பார்க்க, ரிங் கம்ப்ரஸரால் இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் தட்டி இறக்குங்கள். ராடில் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகிவிடுங்கள், ஜர்னலில் கீறல் விழாது. நடுவில் தடைபட்டால் உடனே நிறுத்துங்கள். ரிங் வெளியே எட்டிப் பார்க்கிறது. இன்னொரு தட்டுத் தட்டினால் உடையும்.

டைமிங்குக்கு ஸ்ப்ராக்கெட் இரண்டிலும் இருக்கும் புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். செயினைப் போட்டதும் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பாருங்கள். கேமின் ஒவ்வொரு மேட்டிலும் டாப்பெட்டின் அடிமுகத்திலும் மாலிப்டினம் கலந்த கேம் லூப் பூசுங்கள்.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மேனுவலின் வரிசையில், மூன்று தவணையாக 45 முதல் 50 அடி-பவுண்டு வரை, அதாவது 61 முதல் 68 நியூட்டன் மீட்டர் வரை முடுக்க வேண்டும். ராக்கரும் அப்போதே அமர்ந்துவிடும். பிறகு டாப்பெட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்த நிலையில் 15 தௌ. இதற்கு ஒன்பது கணக்கு என்று ஒரு எளிய வழி உண்டு. வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை 9-லிருந்து கழித்தால் வருவதுதான் இப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு. 8 திறந்திருந்தால் 1, 3 திறந்திருந்தால் 6.

முதல் ஸ்டார்ட்

பழைய கார்களுக்கான 20டபிள்யூ-50 ஆயில், துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ளதாக இருக்கட்டும். இன்றைய கார்களுக்கான ஆயில்கள் பலவற்றில் அது குறைவு. தட்டை டாப்பெட் உள்ள கேமுக்கு அது உயிர். ஆயில் பம்பைப் பொருத்தும் போதே உள்ளே வாசலின் நிரப்பியிருந்தால் முதல் உறிஞ்சல் சுலபமாக வரும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். கேஜில் பிரஷர் ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் பிளக்கை மாட்டாதீர்கள்.

இக்னிஷன் வரிசை 1-3-4-2, ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியாகத் திருப்பிச் சீறினால், டிஸ்ட்ரிபியூட்டர் பாதிச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுபடி மறுபடி சுழற்றிக்கொண்டே இருந்தால் கேமில் பூசிய லூப் போய்விடும். எனவே டைமிங், பெட்ரோல், ஸ்பார்க் மூன்றும் சரியாக இருப்பதை உறுதிசெய்த பின்பே சாவியைத் திருப்புங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இடத்தில் காற்றோட்டமும் வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாதீர்கள். உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் இடையே மாற்றி மாற்றி 20 நிமிடம் ஓட விடுங்கள். புதுக் கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகும் நேரம் இது. கேமுக்குப் போதுமான ஆயில் கிராங்க் சுழன்று வாரி இறைப்பதில்தான் கிடைக்கும், மெதுவாகச் சுழன்றால் போதாது. ஒருவர் ஆயில் கேஜையும் வெப்பத்தையும் பார்க்கட்டும், மற்றவர் கசிவைத் தேடட்டும். பிரஷர் விழுந்தாலோ உலோகச் சத்தம் கேட்டாலோ 20 நிமிடக் கணக்கைப் பார்க்காமல் அணைத்துவிடுங்கள்.

எஞ்சின் ஆறியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு. மின்னும் செதில்கள் இருந்தால் வண்டியை எடுக்காமல் சம்ப் எனும் அடிப்பக்க ஆயில் தொட்டியைக் கழற்றிப் பாருங்கள்.

முதல் 800 கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். மேல் கியரில் முக்கி முனகவும் விடாதீர்கள். மிதமாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வேகம் ஏற்றி, பிறகு காலை எடுத்துத் தானாக இறங்க விடுவதை அவ்வப்போது செய்யுங்கள். ரிங் சுவரில் அமர அந்த அழுத்தம் வேண்டும். 800 ஆனதும் எஞ்சினை ஒரு இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் ஹெட் நட்டுகளை அதே வரிசையில் மறுபடி முடுக்கிச் சரிபாருங்கள். அதனால் டாப்பெட் இடைவெளி மாறியிருக்கும், அதையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். ஆயிலை இன்னொரு முறை மாற்றி, கம்ப்ரஷன் அளந்து, பிரிப்பதற்கு முன் எழுதிய அதே பக்கத்தில் புது எண்களைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.